அறிவைக் கரை சேர்த்தவர்

நுழையும்முன்

மக்கள் செலுத்தும் வரிப்பணத்தில் ஆய்வுக்கூடங்களும் பல்கலைக்கழகங்களும் இயங்குகின்றன. அங்குப் பிறக்கும் கண்டுபிடிப்புகளுள் சில தொழிலாக வளர்கின்றன. பல அறிக்கைகளாகவே உறங்கிவிடுகின்றன. ஆய்வு தொழிலாக மாறுவதற்கு இடையே நிற்கும் தடை எது? அத்தொழிலின் பயன் யாரைச் சேர வேண்டும்? நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வினாக்களைக் கடற்கரையில் நின்று எழுப்பியவர் சர் பிரடெரிக் நிக்கல்சன். கூட்டுறவு இயக்கத்திற்கும் மீன்வளத் துறைக்கும் வித்திட்ட அவருடைய வாழ்க்கை வரலாற்றை அறிவோம்.

ஏரியும் குப்பங்களும்

சென்னைக்கு வடக்கே தமிழகமும் ஆந்திரமும் சந்திக்கும் எல்லையில் பரந்து கிடக்கிறது பழவேற்காடு ஏரி. இந்திய உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இது. தென்பகுதியில் ஆரணியாறு நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புகுகிறது. இரு நீரும் கலக்கும் அந்தப் பரப்பில் இறாலும் நண்டும் மடவை மீனும் செழிக்கின்றன.

கரையோரக் குப்பங்களில் வாழும் மீனவர்கள் இவ்வளத்தைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளப் 'பாடு' என்னும் முறையை வகுத்துள்ளனர். இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலையிட வேண்டும் என்று முறைவைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. எழுதப்படாத சட்டமாயினும் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வருகிறது. ஏரியின் வளம் தனியொருவருக்கு உரியதன்று, ஊருக்கு உரியது என்பதே அதன் அடிப்படை.

வளத்தைப் பகிர்வதில் இத்துணைத் தெளிவு கொண்டிருந்த கடற்கரைச் சமூகங்கள், பிடித்த மீனை விற்பதில் பிறரை நம்பியே வாழ நேர்ந்தது. மீன் விரைவில் கெடும் பொருள். அன்று பனிக்கட்டி இல்லை. விரைந்து செல்லும் ஊர்தி இல்லை. உப்பிட்டு உலர்த்துவதற்கோ உப்பின்மீது அரசு வரி விதித்திருந்தது. வலைக்கும் படகுக்கும் முன்பணம் தந்த வணிகர் சொன்னதே விலையாயிற்று. உழைப்பு ஒருவருக்கும் ஊதியம் இன்னொருவருக்குமாகப் பிரிந்த இந்த நிலையை மாற்ற அறிவியலும் கூட்டுறவும் கைகோக்க வேண்டும் என்று கருதியவரே நிக்கல்சன்.

கடனை ஆராய்ந்த ஆட்சியர்

பிரடெரிக் அகஸ்டஸ் நிக்கல்சன் 1846ஆம் ஆண்டு பிறந்தவர். 1869ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆட்சிப் பணியில் சேர்ந்தார். மாவட்டந்தோறும் பணியாற்றிய அவர் ஊர்களையும் உழவர்களையும் நெருங்கி அறிந்தார். அவர் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு 1887ஆம் ஆண்டு வெளிவந்தது. மண்வளம், நீர்வளம், பயிர்முறை, மக்கள் வாழ்க்கை ஆகியவற்றை விரித்துரைக்கும் அந்நூல் இன்றும் வரலாற்று ஆய்வாளர்களுக்குத் துணைபுரிகிறது.

உழவர்களின் தலையாய துன்பம் கடன் என்பதை மாகாண அரசு உணர்ந்திருந்தது. ஐரோப்பிய நாடுகளில் சிற்றூர் மக்களுக்குக் கடன் வழங்கும் அமைப்புகள் எவ்வாறு இயங்குகின்றன என்று கண்டறியும் பணி 1892ஆம் ஆண்டு நிக்கல்சனிடம் ஒப்படைக்கப்பட்டது. செருமனி நாட்டில் ரைபைசன் என்பவர் தோற்றுவித்த சிற்றூர்க் கூட்டுறவுச் சங்கங்கள் அவருடைய உள்ளத்தைக் கவர்ந்தன. ஒரே ஊரார் ஒன்றுகூடி, ஒருவருக்கொருவர் பிணையாக நின்று, குறைந்த வட்டியில் கடன் பெறும் முறை அது. தனியாக நிற்கையில் நம்பத்தகாதவராகக் கருதப்படும் ஏழை, பலரோடு சேர்ந்து நிற்கையில் நம்பத்தகுந்தவர் ஆகிறார் என்னும் உண்மையை அச்சங்கங்கள் மெய்ப்பித்திருந்தன.

நிக்கல்சனின் அறிக்கை 1895, 1897ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. 1904ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்திற்கு அது வழிகோலியது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவுபெற்றது. பழவேற்காடும் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. உழவர் ஊரில் முளைத்த விதையை மீனவர் ஊருக்கும் கொண்டுசெல்வதே நிக்கல்சனின் அடுத்த பணியாக அமைந்தது.

ஓய்வுக்குப் பின் ஒரு தொடக்கம்

நிக்கல்சன் 1904ஆம் ஆண்டு பணி ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற ஆங்கிலேய அலுவலர் பலர் தாயகம் திரும்புவது வழக்கம். நிக்கல்சனோ நீலகிரியின் குன்னூரில் தங்கினார். சென்னை மாகாணத்தின் மீன்வளத்தை ஆராயும் பொறுப்பை 1905ஆம் ஆண்டு ஊதியம் பெறாமல் ஏற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ அறுபது.

மீன்தொழிலைப் பற்றி அறிய ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சப்பானுக்கும் சென்றார். சப்பானில் அவர் கண்ட காட்சி அவருடைய பிற்காலப் பணிக்கு அடித்தளமாயிற்று. அங்கே அரசு ஆய்வு நிலையங்களை நிறுவிப் புதிய முறைகளைச் சோதித்தது. சோதனையில் வென்ற முறைகள் கரையோர மீனவர்களின் சங்கங்களுக்குக் கற்பிக்கப்பட்டன. பெருமுதலாளிகளின் வரவுக்குக் காத்திராமல், சிறு படகும் சிறு வலையும் உடைய எளிய மீனவர்களைக் கொண்டே அந்நாடு மீன்தொழிலில் முன்னேறியிருந்தது. தாம் கண்டவற்றை 1907ஆம் ஆண்டு ஓர் அறிக்கையாக வெளியிட்டார். அவ்வாண்டிலேயே சென்னை மாகாண மீன்வளத் துறை தோன்றியது. இன்றைய தமிழக மீன்வளத் துறையின் தொடக்கம் அதுவே.

பழவேற்காட்டுச் சிப்பி

புதிய துறைக்கு அறிவியல் துணை வேண்டியிருந்தது. இலங்கையின் முத்துக்குளிப்புத் துறையில் ஆய்வு செய்து புகழ்பெற்றிருந்த சேம்சு கார்னெல் என்னும் கடலியல் அறிஞர் சென்னை மாகாணப் பணிக்கு வந்தார். அவர் தொடக்கத்தில் மேற்கொண்ட ஆய்வுகளுள் ஒன்று, பழவேற்காடு ஏரி உண்ணத்தகும் சிப்பிகளை வளர்க்க ஏற்றதா என்பது.

சிப்பியின் வாழ்க்கை வியப்புக்குரியது. முட்டையிலிருந்து வெளிப்படும் நுண்ணிய குஞ்சுகள் சில நாள்கள் நீரில் மிதந்து திரியும். பின்னர்க் கடினமான ஒரு பரப்பைத் தேடி அதில் ஒட்டிக்கொள்ளும், அதன்பின் இடம்பெயர்வதில்லை. பிரான்சு நாட்டின் ஆர்க்கச்சோன் விரிகுடாவில் சுண்ணாம்பு பூசிய ஓடுகளை நீரில் இறக்கிவைப்பார்கள். குஞ்சுகள் அவற்றில் வந்து ஒட்டும். ஓரளவு வளர்ந்ததும் சுண்ணாம்பைச் சுரண்டினால் ஓட்டுக்கும் சிப்பிக்கும் சேதமின்றிப் பிரித்தெடுக்கலாம். இம்முறை இந்தியாவுக்குத் தரும் படிப்பினைகளைக் கார்னெல் விரிவாக எழுதினார். சென்னையைச் சூழ்ந்த உப்பங்கழிகளில் மழைக்காலத்தில் நன்னீர் பெருகி உப்பளவு குறைவதும், கோடையில் உப்பளவு கூடுவதும் சிப்பியின் இனப்பெருக்கத்தை எவ்வாறு பாதிக்கின்றன என்பதையும் ஆராய்ந்தார்.

ஆய்வு அளவில் இது அரிய பணி. ஆயினும் பழவேற்காட்டில் சிப்பி வளர்ப்பு மீனவர்களின் பெருந்தொழிலாக வளரவில்லை. ஏரிக்கரை மக்கள் சிப்பி ஓட்டைச் சுண்ணாம்புக்காகச் சேகரித்தனர். சிப்பியின் சதை அவர்களுடைய உணவில் பெரிதாக இடம்பெறவில்லை. அதை விரும்பி உண்டவர்கள் நகரத்து ஐரோப்பியர் சிலரே. வாங்குவோர் மிகுதியாக இல்லாத பொருளை எத்துணைத் திறமையாக விளைவித்தாலும் அது தொழிலாகாது. ஓர் ஆய்வு உண்மையாக இருப்பது வேறு, அது பிழைப்புக்கு வழியாக இருப்பது வேறு என்பதைப் பழவேற்காட்டுச் சிப்பி உணர்த்துகிறது.

மத்தி கற்பித்த பாடம்

மேற்குக் கடற்கரையில் இதற்கு மாறான ஒன்று நிகழ்ந்தது. மலையாளக் கரையில் பருவந்தோறும் மத்தி மீன் பெருங்கூட்டமாக வரும். ஒரே நாளில் கரையில் குவியும் மீனை உண்டு தீர்க்கவும் இயலாது. உப்பிட்டுக் காக்கவும் இயலாது. எஞ்சியதை மணலில் பரப்பி வெயிலில் காயவைத்து உரமாக விற்றனர். எண்ணெய்ச் சத்து மிகுந்த அம்மீனின் எண்ணெய் மணலோடு மணலாய்ப் போயிற்று. கரையெங்கும் துர்நாற்றம் வீசியது.

மீன்வளத் துறை தானூரில் சோதனை நிலையம் அமைத்தது. திறந்த கொப்பரையில் நீரூற்றி மத்தியை வேகவைத்தனர். வெந்த மீனைப் பையிலிட்டுக் கையால் சுழற்றும் திருகு அழுத்தியில் வைத்துப் பிழிந்தனர். வடிந்த நீரின்மேல் மிதந்த எண்ணெய் தனியே எடுக்கப்பட்டது. எஞ்சிய பிண்ணாக்கு உலர்த்தப்பட்டு நல்ல உரமாயிற்று. வீணாகிய ஒன்றிலிருந்து விலைபோகும் பொருள் இரண்டு கிடைத்தன.

இம்முறையின் சிறப்பு அதன் எளிமையில் இருந்தது. ஒரு கொப்பரை, ஓர் அடுப்பு, ஓர் அழுத்தி, ஒரு கொட்டகை ஆகியவை போதும். மீனவர் சிலர் சேர்ந்தாலே தொழிலைத் தொடங்கிவிடலாம். துறை தன் சோதனையை மறைத்துவைக்கவில்லை. வந்து கேட்டவர்க்கெல்லாம் கற்றுக்கொடுத்தது. பத்தாண்டுகளுக்குள் மேற்குக் கரையில் இத்தகைய சிறு ஆலைகள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. மீன் எண்ணெயைக் கொண்டு சோப்பு செய்யும் முயற்சியும் தொடர்ந்தது. 1914ஆம் ஆண்டு தானூரில் தொடங்கிப் பின்னர்க் கோழிக்கோட்டுக்கு இடம்பெயர்ந்த கேரள சோப்பு நிறுவனம் அம்முயற்சியின் விளைவே.

மீனைத் தகரக் குவளையில் அடைத்துக் காக்கும் ஆலை ஒன்றையும் அரசு அக்கரையில் நடத்தியது. குவளைக்குத் தகரமும் அடைப்பதற்கு இயந்திரமும் தேர்ந்த தொழிலாளரும் அதற்கு வேண்டியிருந்தன. கொப்பரை ஆலை போல் அது குப்பந்தோறும் பரவவில்லை. மூன்று முயற்சிகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். சிப்பிக்கு வாங்குவோர் இல்லை. தகரக் குவளைக்கு மீனவரிடம் முதல் இல்லை. மத்தி எண்ணெய்க்கு இரண்டும் அமைந்தன. ஆய்வு, சந்தை, எளியோரின் கைக்கு எட்டும் முதல் ஆகிய மூன்றும் பொருந்திய இடத்தில்தான் அறிவு தொழிலாயிற்று.

அரசு தொழில் நடத்தலாமா?

இதே காலத்தில் சென்னைப் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆல்பிரட் சாட்டர்டன் வேறொரு துறையில் இத்தகைய முயற்சியில் ஈடுபட்டிருந்தார். 1898ஆம் ஆண்டு சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் பணியைத் தொடங்கினார். அது ஆதாயம் தரும் தொழில் என்று உறுதிப்பட்டபின் 1903ஆம் ஆண்டு தனியார் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. அடுத்துக் குரோமியம் கொண்டு தோல் பதனிடும் முறையைச் சோதித்தார். கல்விக்கூடத்தில் அரசுச் செலவில் பிறந்த அறிவு, தொழிற்கூடமாக வளர்ந்து கைமாறியதற்கு இந்தியாவின் தொடக்ககாலச் சான்றுகள் இவை.

சென்னையிலிருந்த ஐரோப்பிய வணிகர்கள் இதனை எதிர்த்தனர். அரசே தொழில் நடத்தினால் தனியார் எவ்வாறு போட்டியிட இயலும் என்பது அவர்கள் வாதம். இங்கிலாந்திலிருந்த இந்தியா மந்திரி மார்லி அவர்களுக்கு இசைவாக 1910ஆம் ஆண்டு ஆணை அனுப்பினார். அரசு தொழிற்கல்வி அளிக்கலாம், தொழிற்சாலை நடத்தலாகாது என்பதே அவ்வாணையின் சாரம். தோல் பதனிடும் ஆலையும் விற்கப்பட்டது. பின்னர் 1916 முதல் 1918 வரை ஆய்ந்த இந்தியத் தொழில் ஆணையம், தொழில் வளர்ச்சியில் அரசுக்கு நேரடிப் பங்கு உண்டு என்று பரிந்துரைத்தது. எட்டு ஆண்டுகளில் கருத்து தலைகீழாக மாறியது.

இவ்வாதத்தின் உள்ளே ஒரு நியாயமான வினா மறைந்துள்ளது. சோதனை தோற்றால் இழப்பு மக்கள் பணத்திற்கு. வென்றால் ஆதாயம் விலைக்கு வாங்கிய ஒருவருக்கு என்றால் அது முறையாகுமா? மத்தி எண்ணெய்க்கு மேற்கொள்ளப்பட்ட வழி இவ்வினாவுக்கு ஒரு விடை தருகிறது. அங்கே அரசு ஆலையை ஒருவருக்கு விற்கவில்லை; செய்முறையைப் பலருக்குக் கற்பித்தது. துணிந்து சோதிக்கும் சுமையைப் பொதுப்பணம் தாங்கியது; விளைந்த அறிவு பொதுவில் நின்றது.

> தெரிந்து தெளிவோம்
>
> பொதுப்பணத்தில் நடைபெறும் ஆய்வின் பயனுரிமை யாருக்கு என்னும் வினா உலகெங்கும் எழுந்துள்ளது. அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பே–டோல் சட்டம், அரசு நிதியில் உருவான கண்டுபிடிப்புகளுக்குப் பல்கலைக்கழகங்களே காப்புரிமை பெற வழிசெய்தது. அதையொத்த சட்ட முன்வரைவு ஒன்று இந்திய நாடாளுமன்றத்தில் 2008ஆம் ஆண்டு முன்வைக்கப்பட்டது. அது சட்டமாகாமல் பின்னர்த் திரும்பப் பெறப்பட்டது.

கூட்டுறவு என்னும் கரை

கற்பித்தல் மட்டும் போதாது என்பதையும் நிக்கல்சன் அறிந்திருந்தார். செய்முறை தெரிந்த மீனவர், கொப்பரை வாங்க வணிகரிடமே கடன்பட்டால் எண்ணெயின் ஆதாயமும் வணிகரையே சேரும். பழைய வலைக்கடன் புதிய ஆலைக்கடனாக மாறுமே தவிர வாழ்வு மாறாது. ஆகவே மீன்வளத் துறை, ஆய்வுடன் சமூகப் பணியையும் தன் கடமையாக ஏற்றது. மீனவர் குழந்தைகளுக்குப் பள்ளிகள் தொடங்கப்பெற்றன. சிக்கனமும் மதுவிலக்கும் வலியுறுத்தப்பட்டன. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கும் முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. உழவர்க்காக ஐரோப்பாவில் கற்றதை மீனவர்க்காகக் கடற்கரையில் செயல்படுத்த முயன்றார் அவர்.

அம்முயற்சிகள் அனைத்தும் வெற்றிபெறவில்லை. அயல்நாட்டு ஆட்சியின் அலுவலர் அமைக்கும் சங்கத்தை மக்கள் தம்முடையதாகக் கருதுவது எளிதன்று. உப்பின்மீது வரி விதித்த அரசே உப்பிட்ட மீனின் வளர்ச்சியையும் பேசியது என்னும் முரணும் இருந்தது. மீன் பதனிடுவோர்க்கு அரசுக் களங்களில் வரியில்லா உப்பு வழங்கும் ஏற்பாடு அந்த முரணின் கடுமையை ஓரளவே தணித்தது. ஆயினும், எளியோரை விலக்கி வைத்துவிட்டுத் தொழிலை வளர்ப்பது வளர்ச்சியாகாது என்னும் கொள்கையிலிருந்து நிக்கல்சன் விலகவில்லை.

பத்தாண்டுகளுக்கும் மேலாக மீன்வளத் துறையை வழிநடத்திய அவர், பொறுப்பைக் கார்னெலிடம் ஒப்படைத்து விடைபெற்றார். தம் தொண்ணூறாம் வயதையொட்டி 1936ஆம் ஆண்டு குன்னூரில் காலமானார். இந்தியக் கூட்டுறவு வரலாற்றிலும் மீன்வள வரலாற்றிலும் அவர் பெயர் முன்வரிசையில் இடம்பெறுகிறது.

இன்றைய ஏரிக்கரை

நிக்கல்சன் காலத்தில் சென்னை மாகாணம் முழுமைக்கும் ஒரு கார்னெல் இருந்தார். இன்று நிலைமை வேறு. 1987ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் சென்னையில் இயங்குகிறது. கொடுவா மீனை வளர்ப்பிடத்திலேயே இனப்பெருக்கம் செய்வித்துக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை 1997ஆம் ஆண்டு அது நிறைவேற்றிக் காட்டியது. தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்று பழவேற்காட்டுக்கு அருகிலுள்ள பொன்னேரியில் அமைந்துள்ளது. ஏரிக்கும் ஆய்வகத்துக்கும் இடையே இருந்த தொலைவு நிலவரைபடத்தில் வெகுவாகக் குறைந்துவிட்டது.

வாழ்க்கையில் அத்தொலைவு குறைந்துள்ளதா என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கடல்நீர் வரத்து குறைகிறது, இறாலும் குறைகிறது. ஏரியில் பிடிபடும் நண்டு அயல்நாட்டுச் சந்தைக்குச் செல்கிறது. அதன் விலையைப் பிடித்தவர் முடிவு செய்வதில்லை. சேற்றில் அமர்ந்து கையால் தடவி இறால் சேகரிக்கும் பெண்களுக்குப் படகுமில்லை, பாட்டில் பங்குமில்லை. ஒரு புதிய வளர்ப்பு முறை ஆய்வகத்திலிருந்து புறப்படும்போது, பெருமுதல் உடைய பண்ணையாளர் அதை எளிதில் எட்டிப் பிடிப்பார். குப்பத்து மீனவரும் இறால் சேகரிக்கும் பெண்ணும் எட்டிப் பிடிக்க வேண்டுமாயின் அவர்களுக்கென ஒரு படி தேவை. கைக்கு எட்டும் கருவி, தாங்கக்கூடிய கடன், சேர்ந்து விற்கும் சங்கம் ஆகியவையே அந்தப் படி.

ஏரியின் வளம் ஊருக்கு உரியது என்று பாடு முறை சொல்கிறது. மக்கள் பணத்தில் விளைந்த அறிவும் அவ்வாறு ஊருக்கு உரியதே. அதை முறைவைத்துப் பகிரும் வழியைத் தேடியதால் நிக்கல்சன் நினைவுகூரப்படுகிறார். அவ்வழியை மேலும் செப்பம் செய்யும் பொறுப்பு, நாளை ஆய்வகங்களுக்குள் நுழையவிருக்கும் இன்றைய மாணவர்களுடையது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் பயனின்றி வீணாகும் விளைபொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனைத் தொழிலாக்க ஆய்வு, சந்தை, முதல் ஆகிய மூன்றும் எவ்வாறு அமைய வேண்டும் என்று ஒரு பக்க அளவில் எழுதுக.

2. 'பொதுப்பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பை ஒரு நிறுவனத்திற்கு விற்கலாம்' – 'அனைவருக்கும் கற்பிக்க வேண்டும்' என்னும் இரு தலைப்புகளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்குச் சென்று, அது தொடங்கப்பெற்ற ஆண்டு, உறுப்பினர்கள், ஆற்றும் பணிகள் ஆகியவற்றைக் கேட்டறிந்து தொகுத்து வழங்குக.